மஞ்சள் பொட்டுத் தேய்வு நம்மவருக்குப் பரம்பரையாக வருமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் திருப்பிச் சொல்கிறேன். உங்களுக்கு 48 வயது, கொடிகாமத்துப் பக்கம் இருக்கிறீர்கள். 76 வயதான அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. மாக்குலா என்ற மஞ்சள் பொட்டு தேய்ந்துவிட்டது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். பெரியம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் இதே நிலைதான். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி உமிழ்நீரை அனுப்பிச் செய்கிற மரபணுச் சோதனையைச் செய்து, ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றத்தின் பிரதி ஒன்று தன்னிடம் இருப்பதாக வந்த முடிவை உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். இந்தக் கணக்கு ஐரோப்பிய வம்சாவளியினருக்கே பொருந்தும் என்று அதன் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. இது வெள்ளைக்காரர் நோயா, எங்களுக்கும் உரியதா, சொந்தத்துக்குள் செய்த கல்யாணம் காரணமா, நீங்களும் சோதிக்க வேண்டுமா என்று அடுக்கிக் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா, வந்தால் என்ன செய்வது என்பதுதான் இவற்றின் அடியில் கிடக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கண் வைத்தியம் பார்ப்பவன். மரபணு ஆய்வு என் தொழில் இல்லை. அந்தப் பகுதியை வாசித்துத்தான் அறிந்திருக்கிறேன். பாடசாலையில் நாம் பரம்பரையலகு என்று படித்ததை இப்போது பத்திரிகைகள் மரபணு என்று எழுதுகின்றன, நானும் அப்படியே எழுதுகிறேன். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு இதைத் தமிழில் விளக்க முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

விழித்திரையின் நடுவில், நேராகப் பார்ப்பதற்கென்று இருக்கும் சிறிய இடம்தான் மாக்குலா. பாடப்புத்தகத்தில் மஞ்சள் பொட்டு என்று படித்திருப்பீர்கள். வாசிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரில் நிற்பவரின் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்தப் பொட்டின் வேலை. வயது போகப் போக அதன் அடியில் கழிவு படிந்து சிறு மஞ்சள் புள்ளிகளாகச் சேரும். சிலருக்கு அது அந்த அளவோடு நின்றுவிடும். சிலருக்கு அந்த இடத்துக் கலங்கள் மெல்ல மெல்லச் செத்துப் பொட்டு வெளிறிப்போகும். இதை உலர் வகை என்கிறோம். வேறு சிலருக்கு அடியிலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும்; அது ஈர வகை, வாரக்கணக்கில் பார்வையைப் பறித்துவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டு அறைக் கதவின் நிலை நடுவில் வளைந்து தெரிகிறது என்று தச்சரைக் கூப்பிட்டிருக்கிறார். தச்சர் மட்டம் வைத்துப் பார்த்து, நிலை நேராகத்தான் இருக்கிறது, கண்ணைக் காட்டுங்கள் அம்மா என்று சொல்லி அனுப்பினார். அன்று பின்னேரமே வந்துவிட்டார். வலது கண்ணில் ஈர வகை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்தத் தச்சருக்கு இன்றும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி மரபணு. இந்த நோயில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் வயதான இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வு, நோய் வருவதிலும் முற்றுவதிலும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி முதல் 71 சதவீதம் வரை பரம்பரையால் விளக்கப்படலாம் என்று கண்டது. 2005இல் அந்தப் பரம்பரைக்கு ஒரு முகவரியும் கிடைத்தது. வெறும் 96 நோயாளிகளையும் நோயில்லாத 50 பேரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, 1ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள சி.எஃப்.எச். என்ற மரபணுவைச் சுட்டியது. அதே நேரத்தில் வேறு இரண்டு குழுக்களும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. இந்த மரபணு செய்யும் புரதத்தின் பெயர் எச் காரணி. நம் இரத்தத்தில் கிருமிகளைத் தாக்கும் புரதக் கூட்டம் ஒன்று உண்டு. அதை வீட்டுக் காவல் நாய் என்று வைத்துக்கொண்டால், எச் காரணி அதன் சங்கிலி. கள்ளனைக் குரைக்கட்டும், வீட்டாரைக் கடிக்கக் கூடாது என்று பிடித்து வைப்பது அதன் வேலை. சிலருக்கு அந்தப் புரதத்தின் 402ஆம் இடத்தில் ஒரு கண்ணி மாறியிருக்கிறது. விழித்திரையின் அடியில் சங்கிலி சரியாகப் பிடிப்பதில்லை. அந்த மாற்றத்தின் ஒரு பிரதி இருந்தால் நோய் வரும் சாத்தியம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு, தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு பிரதி இருந்தால் ஐந்து முதல் ஏழு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் தம்பியிடம் இருப்பது இதன் ஒரு பிரதி. 10ஆம் நிறமூர்த்தத்தில் ஏ.ஆர்.எம்.எஸ். 2 என்ற இன்னோர் இடமும் அதே அளவு கனமானது. 2016இல் வந்த பெரிய சர்வதேச ஆய்வு 16,000க்கு மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து, 34 இடங்களில் 52 மாற்றங்களைப் பட்டியலிட்டது. அதில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். தம்பியின் அறிக்கையில் அந்தச் சிறிய எழுத்து ஏன் இருக்கிறது என்பதற்கு விடை இதுதான்.

வெள்ளைக்காரர் நோயா என்று கேட்டீர்கள். உலக ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2014இல் வெளியான கணக்கின்படி, 45 முதல் 85 வயது வரையுள்ளவர்களில் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த நோய் இருப்பவர்கள் ஐரோப்பியரில் 12.3 சதவீதம், ஆசியரில் 7.4 சதவீதம். ஆனால் இந்த இடைவெளியின் பெரும்பகுதி ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறது. முற்றிய நோயில், குறிப்பாக ஈர வகையில், ஆசியர் அவ்வளவு பின்தங்கியவர்கள் இல்லை. இந்தியாவில் வடக்கிலும் தெற்கிலும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வில், முற்றிய நிலை நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இருந்தது. வயது ஏற ஏற அது பல மடங்காகக் கூடியது. ஆகவே இது எங்களுடைய நோயும்தான். அந்தக் காலத்தில் இங்கே பேசப்படாததற்குக் காரணம், பார்வை மங்கினால் எல்லாவற்றையும் கற்றரக்ட் என்று சொல்லி விட்டுவிட்டோம், மாக்குலா நோய் வரும் வயது வரை பலர் இருக்கவும் இல்லை என்பதே என் எண்ணம்.

இனத்துக்கு இனம் என்ன மாறுகிறது என்றால், மரபணு எழுதப்பட்டிருக்கும் எழுத்துகளில் உள்ள அந்த மாற்றங்கள் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பது மாறுகிறது. சி.எஃப்.எச். மாற்றம் ஐரோப்பியரிடம் மூன்று பிரதிகளில் ஒன்றுக்கும் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. சீனர், யப்பானியரிடம் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஏ.ஆர்.எம்.எஸ். 2 மாற்றமோ தலைகீழ்: ஐரோப்பியரிடம் ஐந்தில் ஒன்று அளவு, கிழக்காசியரிடம் ஐந்தில் இரண்டு அளவு. தெற்காசியர் இரண்டிலும் இடையில் நிற்கிறோம், சி.எஃப்.எச். விடயத்தில் ஐரோப்பியருக்குக் கிட்ட. ஐதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் நிலையத்தினர் இந்திய நோயாளிகளிடம் பார்த்தபோதும் அந்த 402ஆம் இட மாற்றம் நோயோடு சேர்ந்தே வந்தது. எனவே தம்பியிடம் இருக்கும் பிரதி நம்மவருக்குச் சம்பந்தமே இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனை மடங்கு என்ற துல்லியமான எண்ணைத்தான் அப்படியே தூக்கி நமக்குப் போடக் கூடாது என்கிறேன்.

எழுத்து ஒன்றாக இருந்தாலும் விளைவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆபிரிக்க வம்சாவளியினரிடம் சி.எஃப்.எச். மாற்றம் ஐரோப்பியர் அளவுக்கே பரவலாக இருக்கிறது, ஆனால் முற்றிய மாக்குலா நோய் அவர்களிடம் குறைவு. இதைவிட வியப்பானது பக்கத்து நோய் ஒன்றில் நடந்தது. வயதானவர்களின் கண்மணி ஓரத்தில் தவிடு போன்ற வெள்ளைத் துகள் படிந்து, கண் அழுத்த நோய்க்கும் கற்றரக்ட் சத்திரசிகிச்சையில் சிக்கலுக்கும் வழிவிடும் நிலை ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் அது அரிதானதல்ல. 2007இல் ஐஸ்லாந்திலும் சுவீடனிலும் அதற்கு எல்.ஓ.எக்ஸ்.எல். 1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவை யப்பானியரிடம் பார்த்தபோது, ஓரிடத்தில் ஐரோப்பியருக்கு ஆபத்தைச் சுட்டிய எழுத்துக்கு நேர் எதிர் எழுத்துத்தான் ஆபத்தைச் சுட்டியது. தென்னாபிரிக்கக் கறுப்பினத்தவரிடம் வேறோர் இடத்தில் அதே கூத்து. அந்த எழுத்து அநேகமாக நோயைச் செய்வதில்லை, நோய் செய்யும் வேறொன்றின் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். இதை வாசித்த நாள் தொடக்கம், ஓர் இனத்தில் அளந்த ஆபத்தை இன்னோர் இனத்துக்கு வாசித்துக் காட்ட எனக்குக் கை கூசுகிறது.

நம்மவரைப் பற்றித் தனியாக ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நல்ல செய்தி உண்டு. உலக மக்களின் மரபணு வேறுபாடுகளைப் பதிவுசெய்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கள்குழுக்களில் ஒன்றாக, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அந்தத் தரவை எந்த ஆய்வாளரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அவர்களின் கண் எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத்து எவ்வளவு பரவல் என்பதை மட்டுமே அது சொல்லும், நோயை அல்ல. நோயைச் சொல்வதில் கிட்ட வருவது சிங்கப்பூர். அங்கே 2007 முதல் 2009 வரை 40 வயதைக் கடந்த இந்திய வம்சாவளியினர் 3,400 பேரைப் பரிசோதித்தார்கள். சிங்கப்பூர் இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். கண்டிப் பக்கத்துக் கிராமங்களிலும் ஒரு கண் ஆய்வு நடந்திருக்கிறது. வடக்கில் வீடு வீடாகப் போய்க் கண்ணையும் மரபணுவையும் ஒன்றாகப் பார்த்த ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. அது செய்யப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இளம் வைத்தியர்கள் யாராவது இதை வாசித்தால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசியரிடம் ஈர வகை இன்னொரு முகத்தோடும் வருகிறது. அடியில் முளைக்கும் குழாய்களின் நுனியில் திராட்சைக் குலைபோல் சிறு வீக்கங்கள் தோன்றித் திடீரென்று இரத்தம் கசியும். ஐரோப்பிய நோயாளிகளிடம் பத்தில் ஒன்று அளவில் காணப்படும் இது, ஆசியரிடம் பல மடங்கு கூடுதல். சிகிச்சையும் சிலருக்குச் சற்று மாறும். கண்ணுக்குள் போடும் ஊசியோடு ஒருவகை லேசர் ஒளியும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடும். ஆகவே உங்கள் அம்மாவின் ஸ்கேன் படங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் இந்த வகையா என்று கேளுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: அம்மாவுக்குச் சலரோகம் இருக்கிறதா? நீரிழிவால் மாக்குலாவில் நீர் கோப்பதையும் வீட்டில் எல்லாரும் மாக்குலா என்றே சொல்கிறார்கள். அது வேறு நோய், வேறு வைத்தியம். உங்களுக்கு வரக்கூடிய ஆபத்தின் கணக்கும் அதில் முற்றிலும் வேறு.

சொந்தத்துக்குள் கல்யாணம் என்ற கேள்வியைக் கேட்கும்போது உங்கள் எழுத்தில் ஒரு குற்ற உணர்வு தெரிந்தது. தாத்தாவும் அம்மம்மாவும் மச்சான் மச்சாள் என்று எழுதியிருந்தீர்கள். அதை இறக்கி வையுங்கள். நெருங்கிய உறவில் கல்யாணம் செய்தால் கூடுவது, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே அரிய பழுதான பிரதி இரண்டு வந்தால் மட்டுமே தோன்றும் நோய்கள். கண்ணில் அப்படிப்பட்டவை உண்டு: இரவில் பார்வை குறைந்து பக்கப்பார்வை ஒடுங்கிக்கொண்டு வரும் விழித்திரை நோயில் பல வகைகள், பள்ளி வயதிலேயே நடுப்பார்வையைக் குறைக்கும் ஸ்ரார்காட் நோய். அவை இளவயதில் வருபவை. 70 வயதுக்கு மேல் வரும் மாக்குலாத் தேய்வு, ஊரில் மூன்றில் ஒருவரிடம் இருக்கக்கூடிய சாதாரண எழுத்துகள் பலவும், வயதும், புகையும் சேர்ந்து செய்வது. தாத்தா அசலிடத்தில் பெண் எடுத்திருந்தாலும் அந்த எழுத்து வந்திருக்கக்கூடும். ஆனால் உங்கள் குடும்பத்தில் 40 வயதுக்கு முன்பே யாருக்காவது நடுப்பார்வை போயிருந்தால் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள். அப்போது மரபணுச் சோதனைக்கு உண்மையான தேவை உண்டு.

உங்கள் விடயத்தில் சோதனை செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு வயதுக்கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவருக்கு முற்றிய நோய் வரும் என்று வையுங்கள். ஒரு பிரதி இருந்தால் அது நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் ஆகும். மீதி 97 பேருக்கு அந்தப் பிரதி இருந்தும் நோய் வராது. பிரதி இல்லாதவருக்கும் வரலாம். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வந்தது என்பதே நீங்கள் கவனமாக இருக்கப் போதுமான காரணம். உமிழ்நீர் அதற்கு மேல் புதிதாக ஒன்றும் சொல்லாது. அமெரிக்கக் கண் வைத்தியர் சங்கமும் இந்த நோய்க்கு வழமையாக மரபணுச் சோதனை செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. மரபணுவைப் பார்த்து மருந்து கொடுக்கலாம் என்ற நம்பிக்கையும் இதுவரை கைகூடவில்லை. ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கு நன்றாக வேலை செய்யும்போல் தெரிந்த லம்பாலிசுமாப் என்ற மருந்து 2017இல் பெரிய சோதனைகளில் தோற்றுப்போனது. சி.எஃப்.எச். மாற்றம் உள்ளவர்களுக்கு நாகச் சத்து, அதாவது சிங்க், சேர்ந்த குளிசை கெடுதல் செய்யும் என்று ஒரு குழுவும், அப்படி இல்லை என்று இன்னொரு குழுவும் எழுதின. இரண்டாவது தரப்பே எனக்கு வலுவாகப் படுகிறது. அதே நேரம் சி.எஃப்.எச். கண்டுபிடிப்பு வீண் என்றும் சொல்ல மாட்டேன். காவல் நாயை அடக்கும் இரண்டு மருந்துகளுக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவை உலர் வகையின் பரவலை மெதுவாக்கும், போன பார்வையைத் திருப்பித் தரா.

செய்யக்கூடியவற்றில் முதலாவது புகை. மரபணு எதுவாக இருந்தாலும், எந்த நாட்டில் பார்த்தாலும், புகைப்பவருக்கு இந்த நோய் வரும் சாத்தியம் குறைந்தது இரண்டு மடங்கு. யாழ்ப்பாணம் புகையிலை விளையும் மண். எங்கள் வீடுகளில் சுருட்டுப் பிடிப்பதை யாரும் புகைப்பழக்கம் என்று கணக்கெடுப்பதில்லை. கிளினிக்கில் புகைப்பீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். சுருட்டு என்று பெயர் சொல்லிக் கேட்டால், அது சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று வரும். நீங்கள் பிடிப்பவராக இருந்தால் இன்றைக்கே விடுங்கள். சாப்பாட்டில் பொன்னாங்காணி, முருங்கையிலை போன்ற கடும்பச்சை இலைகளையும் மீனையும் நன்றாகச் சேருங்கள். பொன்னாங்காணி கண்ணுக்கு நல்லது என்று பாட்டிமார் சொன்னதற்கும் மாக்குலாவில் இருக்கும் மஞ்சள் நிறப் பொருளுக்கும் உண்மையாகவே தொடர்பு உண்டு. லூற்றின் என்ற அந்தப் பொருள் பச்சை இலைகளிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது. இலை சாப்பிட்டவருக்கு நோய் வராது என்று நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் நான் தினமும் சாப்பிடுகிறேன். கண்ணுக்கு என்று விற்கும் விற்றமின் குளிசைகளை இப்போதே வாங்க வேண்டாம். 2001இல் முடிந்த பெரிய சோதனையில் அவை, நடுத்தரக் கட்டத்தையாவது எட்டியவர்களுக்கு மட்டும், நோய் முற்றுவதை ஐந்து வருடத்தில் ஏறத்தாழ 25 சதவீதம் குறைத்தன. நோய் தொடங்காதவருக்குப் பயன் காணப்படவில்லை. புகைப்பவரும் முன்பு புகைத்தவரும் பீற்றா கரோட்டின் சேர்ந்த குளிசையைத் தொடவே கூடாது, நுரையீரல் புற்றுநோய் கூடுகிறது. 2013 முதல் அதற்குப் பதிலாக லூற்றின் சேர்த்த வகையே பரிந்துரைக்கப்படுகிறது.

வீட்டில் பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கணிதக் கொப்பி இருக்கும். ஒரு பக்கத்தின் நடுவில் பேனாவால் கறுப்புப் புள்ளி ஒன்று வையுங்கள். வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் மூடி, ஓரடி தூரத்தில் பிடித்து அந்தப் புள்ளியையே பாருங்கள். சுற்றியுள்ள கோடுகள் வளைந்தாலோ, ஒரு பகுதி அழிந்தாற்போல் இருந்தாலோ அந்த வாரமே வர வேண்டும். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் பழுதான கண்ணை மறைத்துவிடும், பலர் ஏமாறுவது இதில்தான். ஈர வகையை ஆரம்பத்திலேயே பிடித்தால் கண்ணுக்குள் போடும் ஊசி பெரும்பாலானவர்களின் பார்வையைக் காப்பாற்றுகிறது. விலை குறைந்த பெவாசிசுமாப் ஊசியும் விலை கூடிய ரனிபிசுமாப் ஊசியும் பார்வையைக் காப்பதில் சமம் என்று 2011இல் நேருக்கு நேர் ஒப்பிட்டே காட்டினார்கள், ஆகவே காசு இல்லையே என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

அம்மாவுக்கு நடுப்பார்வை போனாலும் பக்கப்பார்வை இருக்கும்; முழு இருட்டு வராது என்பதை அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இப்படியானவர்களில் பலர் வாய் திறக்காமல் அதைத்தான் நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள். கண் தானத்தில் கிடைக்கும் கண்ணை வைக்க முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். தானத்தில் மாற்றுவது முன்பக்கத்துக் கண்ணாடிப் படலத்தை மட்டும், விழித்திரையை மாற்ற இன்னும் வழி இல்லை. வாசிக்க நல்ல வெளிச்சமும் பிடியுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்கு வருபவர்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்லட்டும். உங்களுக்கு 50 வயதாகும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வருடமே ஒருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பித்து, அதன் பிறகு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருவது என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் பழைய ஸ்கேன் படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருந்து விட்ட பிறகு நான்கைந்து மணித்தியாலம் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசுவதாகவும் இருக்கும். அன்றைக்கு மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள்.